தீயில் இறங்கிய அம்மாவின் மேல் குறை இல்லை

என் அன்பு மகளுக்கும் மகனுக்கும்,

அம்மா எங்களை விட்டுப் போய், வருகிற வாரத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. ஆட்டைத் திவசத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு நினைவு மலர் அடிக்க வேண்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் சொன்னீர்கள். படத்தையும் தேவாரத்தையும் நீங்களே தெரிந்து எடுத்தீர்கள். அம்மாவைப் பற்றி அப்பாதான் எழுத வேண்டும் என்று என் தலையில் வைத்துவிட்டீர்கள். நான் ஏழாம் வகுப்போடு கரைவலை இழுக்கப் போனவன். அச்சகத்துத் தம்பி, "ரெண்டு பக்கம் போதும் ஐயா, பிறந்தது, வளந்தது, குணம், கடைசியில நன்றி" என்று சொல்லி, மாதிரிக்கு வேறொரு வீட்டு மலரையும் தந்தார். அதைப் பார்த்துத்தான் எழுதத் தொடங்கினேன். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அந்த வரிசையில் எழுதினால் ஒரு விஷயம் விட்டுப்போகும். அது விட்டுப்போனால், எழுதியது உங்கள் அம்மாவைப் பற்றியதாக இருக்காது.

உங்களைத் தனியாக இருத்தி வைத்துச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உங்கள் அம்மாவைப் பற்றி ஊர் பேசியது தனியாக அல்ல. கோயில் வீதியில் பேசியது, தண்ணீர்க் குழாயடியில் பேசியது. அதனால் இதுவும் எல்லார் கைக்கும் போகிற தாளிலேயே இருக்கட்டும். வாசித்த பிறகு என்னோடு கோபிப்பதென்றால் கோபியுங்கள். கோபிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

அம்மா மன்னார்க் கரையில் பிறந்தவர். அவரும் உங்கள் மாமாவும் இரண்டே பிள்ளைகள். சண்டைக் காலத்தில், பத்தொன்பது வயதில், தாயோடும் மாமாவோடும் படகேறி இந்தப் புத்தளம் பக்கம் வந்தார். வழியில் தாய்க்குக் காய்ச்சல். இறங்கிய ஒரு கரையில் அவர் கண்ணை மூடினார். அங்கேயே மணலில் புதைத்துவிட்டு வந்தார்கள். பிறகு ஒரு தடவை நாங்கள் தேடிப் போனோம். கரை முழுவதும் ஒரே மாதிரிப் பற்றைக்காடு. இதுதான் இடம் என்று மாமாவால் சொல்ல முடியவில்லை. அம்மா ஒரு இடத்தில் நின்று கற்பூரம் கொளுத்தினார். "இதுதானோ?" என்று கேட்டேன். "அம்மனுக்குத் தெரியும்" என்றார்.

அம்மா எங்கள் கரைக்கு வந்தபோது கொண்டு வந்தது ஒரு உடுப்புப் பையும் ஒரு அம்மன் படமும். படகில் உப்புத் தண்ணீர் பட்டு அந்தப் படத்தில் முகம் அழிந்து போயிருந்தது. நீங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிற அதே படம்தான். கலியாணம் முடித்த புதிதில், முகமில்லாத சாமியை வைத்து எதற்குக் கும்பிடுகிறாய், புதுப்படம் வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். "எனக்கு முகம் தெரியுது. உங்களுக்குத் தெரியாட்டி நீங்க போய் வாங்குங்கோ" என்றார். அப்படித்தான் அவருடைய பேச்சு. சிரிக்காமல் சொல்வார், நாங்கள்தான் சிரிப்போம்.

கருவாடு காயப்போட்டு, ஓலை பின்னி, உங்கள் மூன்று பேரையும் வளர்த்தார். மூன்று பேர் என்று எழுதும்போது எனக்குக் கை நிற்கிறது.

உங்கள் அண்ணன் கடலுக்குப் போன நாள் உங்களுக்கு நினைவிருக்கும். சித்திரை மாதம். சோழகக் காற்று தொடங்குமுன் உள்ள கடைசி நல்ல நாட்கள். அன்று எனக்குக் கை வீங்கியிருந்தபடியால் அவன் தனியாகப் போனான். நான் போகாதே என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் படகு மட்டும், எலுவன்குளத்துக்கு அங்கால், காட்டுக் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. எஞ்சின் இருந்தது, வலை இருந்தது, அவனுடைய தண்ணீர்க் கானில் பாதித் தண்ணீரும் இருந்தது. அவன் இல்லை. பதினெட்டு நாள் கரைக்காரர் எல்லோரும் தேடினார்கள். அவர்களுக்கு நான் இந்தப் பிறப்பில் நன்றி சொல்லி முடிக்க மாட்டேன்.

வெளியூரில் இருந்து வந்து இந்த மலரை வாசிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு நடந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. வீட்டில் விளக்கு வைப்பதில்லை, கோயில் வீதிக்கும் போவதில்லை. ஒரு வருடம் முடியும் வரை கோயிலுக்குள் போவதும் இல்லை, திருவிழாவில் காப்புக் கட்டுவதும் இல்லை, தீயில் இறங்குவதும் இல்லை. ஆனால் துடக்கு எந்த நாளில் தொடங்கும்? உடல் வீட்டுக்கு வந்தால் தெரியும். உடல் வராவிட்டால்?

ஆடித் திருவிழா வரப்போகிறது என்று கோயில் சபைக்காரர் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கதிரையில் இருக்காமல், வாசலில் நின்றுதான் கேட்டார்கள். "அண்ண, தப்பா நெனைக்க வேணாம். உங்கட வீட்டில துடக்கு இருக்குதா, இல்லையா? ஒண்டைச் சொல்லுங்க, அதுக்குத் தக்கதாச் செய்வோம்."

 உள்ளேயிருந்து அம்மா வெளியே வந்தார்.

"அவன் செத்ததுக்கு ஆர் சாட்சி?" என்று கேட்டார்.

வாசற்படியில் இறங்கி, சபைக்காரருக்கு நேரே நின்றார்.

"சாட்சி இல்லாம நான் துடக்குக் காத்தா, என்ர பிள்ளைய நானே சாக்காட்டினதா முடியும். இந்த வருசம் நான் காப்புக் கட்டுறன். அவன் வரவேணும் எண்டு தீயில இறங்குறன்."

சபைக்காரர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உடல் இல்லை, அதனால் துடக்கும் இல்லை என்று முடிவு சொன்னார்கள். அம்மாவுக்கு அன்றைக்குத்தான் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடியது. கடலும் ஒன்றும் தரவில்லை, ஊரும் ஒன்றும் தரவில்லை. கோயில் வாசல் ஒன்றுதான் அவருக்குத் திறந்திருந்தது. அங்கே போனால்தான் மூச்சு வருகிறது என்று சொல்வார். வெள்ளிக்கிழமை தவறாமல் அண்ணனுடைய பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்விப்பார். அர்ச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் செய்வது. அது அவருக்கும் தெரியும், ஐயருக்கும் தெரியும்.

என்னுடைய நிலை வேறு. கடல் எனக்குத் தெரியும். பாதித் தண்ணீரோடு கான் கிடந்தால், அதைக் குடித்து முடிக்குமுன்பே கடல் ஆளை எடுத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்த நாட்களில் உங்கள் பெரியப்பா உயிரோடு இருந்தார். ஒவ்வொரு நாளும் வந்து, "பொடியனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம வச்சிருக்கிறியே, அது அலையுமே" என்பார். அம்மாவிடம் அதைச் சொல்லப் பயம். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டு பக்கமும் சுவர் வைத்த மாதிரி இருந்தது.

காப்புக் கட்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, வலை பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நானும் பெரியப்பாவும் சிலாபத்துப் பக்கம் பஸ் ஏறினோம். அங்கே ஆறு கடலில் விழுகிற ஒரு இடத்தில், எங்களைத் தெரியாத ஒரு ஐயரைப் பிடித்து, உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்கிற கிரியையைச் செய்தோம். தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி ஒரு உருவம் கட்டினார். அதற்கு வேட்டித் துண்டு சுற்றினார். நான் அதற்குக் கொள்ளி வைத்தேன். புல்தானே, ஒரு நிமிடத்தில் எரிந்து முடிந்தது. எள்ளும் தண்ணீரும் விட்டுச் சாம்பலைக் கரைத்து, தலை முழுகினேன். முடிந்த பிறகு ஐயர், "இண்டையில இருந்து வீட்டில எல்லாருக்கும் துடக்கு" என்றார்.

அதை நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை, பிள்ளைகளே. அவனுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்ற ஒன்றுதான் மண்டையில் இருந்தது. அதற்காக வீட்டுக்குள் துடக்கைக் கொண்டுவருகிறேன், உங்கள் அம்மாவுக்குத் திறந்திருந்த ஒரே வாசலை மறிக்கிறேன் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் விளங்கியது. பெரியப்பா, "ஒருத்தருக்கும் தெரியாது. நீ வாயைப் பொத்து" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். "தலை ஏன் ஈரம்?" என்று அம்மா கேட்டார். "கடல்ல குளிச்சனான்" என்றேன்.

ஐந்து நாளும் சொல்லப் பார்த்தேன். சொன்னால் அவர் மகனையும் இழப்பார், அம்மனையும் இழப்பார். சொல்லாவிட்டால் துடக்கோடு தீயில் இறங்குவார். சாமி பார்த்துக்கொள்ளும் என்று விடவும் எனக்கு நம்பிக்கை இல்லை. சாமி இல்லை என்று விடவும் துணிச்சல் இல்லை. அவர் காப்புக் கட்டினார். மஞ்சள் உடுத்து விரதம் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழும்பினேன்.

தீமிதிப்பு அன்று நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். அம்மா எட்டாவதோ ஒன்பதாவதோ ஆளாக இறங்கினார். இறங்குகிறவர்கள் நிற்பதில்லை, ஒரே நடை. அம்மா நடுவில் நின்றார். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு நடந்து கரையேறினார். இடது கால் வெந்திருந்தது.

தீயில் கால் வெந்தால் எங்கள் ஊரில் ஒரு அர்த்தம்தான். இறங்கினவரிடம் ஏதோ குறை. சுத்தம் இல்லை, அல்லது மனம் சரியில்லை. அன்று இரவே கதை பரவியது. மகன் செத்தது தெரிந்துகொண்டே துடக்கோடு இறங்கினாள், அம்மன் சும்மா விடுவாளா என்றார்கள். அம்மாவின் காதிலும் விழுந்தது. அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. தன்னைத்தான் தேடினார். "பத்து வயசில கோயில் மாங்காய் ஒண்டு களவெடுத்தனான். அதுவா இருக்குமோ?" என்று என்னிடம் கேட்டார். இன்னொரு நாள், தாயைப் புதைத்த இடத்தை மறந்ததுதான் குறை என்றார். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். ஒரு சொல் சொன்னால் அவர் தேடுவதை நிறுத்தியிருப்பார். நான் சொல்லவில்லை.

அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, முதலே இருந்தது. புண் ஆறவில்லை. ஏழு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது.

எங்கள் வீட்டைச் சுற்றி மணல். ஊன்றுகோல் ஊன்றினால் ஒரு சாண் இறங்கும். இருத்தித் தள்ளுகிற சில்லுக் கதிரை தந்தார்கள், அது வாசலுக்கு வெளியே ஓடாது. கோயில் மணி வீட்டுக்குக் கேட்கும், அவ்வளவு கிட்ட. ஆனாலும் அம்மாவுக்கு அது வேறு நாடு மாதிரி ஆயிற்று. ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு அறையும் ஒரு விறாந்தையும்தான் அவருக்கு உலகம். நானும் அந்த அறையிலேயே இருந்தேன், அவருக்குத் தெரியாத ஒன்றோடு.

அந்த நாட்களில் கனமூலை நானா இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போமோ தெரியாது. கனமூலையில் இருந்து கருவாடு எடுக்க வருகிற முஸ்லிம் வியாபாரி. சின்ன வயதில் மன்னாரை விட்டு உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு வந்தவர். அதனால் அம்மாவை ஊர்க்காரி என்றுதான் சொல்வார். புத்தளம் ஆசுப்பத்திரிக்குப் புண் கட்ட அவருடைய முச்சக்கர வண்டியில்தான் போய் வந்தோம். வழியில் செருப்புக் கடையில் அம்மாவுக்கு ரப்பர் செருப்பு வாங்குவோம். ஒற்றைக் கால் என்றாலும் சோடியாகத்தான் தருவார்கள். மிஞ்சுகிற இடது செருப்புகளை அம்மா ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். "நானா, வலது கால் போன ஒருத்திய எங்கயாவது தேடிப் பிடியுங்கோ. ரெண்டு பேரும் கூட்டு வியாபாரம் செய்வம்" என்பார். நானா வண்டியை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடித்துவிட்டு வந்து, பின்னேரம் அம்மாவைக் கோயில் வாசல் வரை கொண்டுபோவார். அம்மா வண்டியை விட்டு இறங்க மாட்டார். வீதியில் இருந்தபடியே கை கூப்புவார். உள்ளே போக ஆட்கள் தூக்கிவிடுவார்கள், போவமா என்று நானா கேட்டால், "குறை உள்ள ஆள் உள்ளுக்குப் போனா மற்றச் சனத்துக்கு மனம் சரிவராது நானா" என்பார். அர்ச்சனைத் தட்டை மட்டும் யாரிடமாவது கொடுத்து அனுப்புவார், அண்ணனுடைய பெயருக்கும் நட்சத்திரத்துக்கும். சாகும் வரை அவர் அந்தக் கோயிலுக்குள் திரும்பக் கால் வைக்கவில்லை. அவரை வெளியே நிறுத்தியது அம்மனும் இல்லை, ஊரும் இல்லை. நான்.

நான் கும்பிடுவதை அப்போதே விட்டுவிட்டேன். ஒரு நாள் கோபத்தில், "உன்ட அம்மன் உனக்கு என்ன தந்தா? காலை எடுத்ததுதானே?" என்று கேட்டுவிட்டேன். அம்மா விளக்குத் திரியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளையள் எங்களிட்டக் கேட்டதெல்லாம் நாங்க குடுத்தனாங்களா? குடுக்கேல்ல எண்டு அதுகள் அம்மா எண்டு கூப்பிடாம விட்டதுகளா?" என்றார். பிறகு, "நான் கும்பிடுறத விட்டா, அவனத் தேட இந்த உலகத்தில ஒருத்தரும் இல்ல" என்றார்.

அதற்கு மேல் என்னால் அந்த அறையில் இருக்க முடியவில்லை. வெளியே போய் மணலில் இருந்தேன்.

கடைசி மாதத்தில் அம்மாவின் சிறுநீரகம் பழுதாகி, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பகலில், நீங்கள் இரண்டு பேரும் மருந்து எடுக்கப் போன நேரம், நான் கட்டில் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் ஏறியது, தர்ப்பை உருவம், கொள்ளி, துடக்கு, ஈரத் தலை.

அம்மா தலையணையில் இருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டியளா?"

"ஓம். முழுப்பேரும் சொன்னனான்."

"எள்ளுத்தண்ணி உங்கட கையால விட்டியளா?"

"ஓம்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "நீங்க சொல்லியிருந்தா நான் இறங்கியிருக்க மாட்டன். கால் இருந்திருக்கும்" என்றார். பிறகு, "ஆறு வருசமா நான் செத்த பிள்ளைக்கு அர்ச்சனை செய்விச்சிருக்கிறன்" என்றார். அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. நீங்கள் வந்து, அம்மாவுக்கு ஏன் முகம் ஒரு மாதிரி என்று கேட்டீர்கள். நோவாக்கும் என்றேன்.

இவ்வளவு காலம் எல்லாவற்றையும் தாங்கின ஆளின் நம்பிக்கையைக் கடைசியில் நான் உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டார். "இஞ்சருங்கோ, விளக்கைக் கொழுத்துங்கோ. என்னைக் கொஞ்சம் நிமித்தி விடுங்கோ." நிமிர்த்தி, தலையணை வைத்தேன். முகமில்லாத அந்தப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் வாய்விட்டுக் கும்பிடுகிறவர், உங்களுக்குத் தெரியும். ஆறு வருடமாக ஒவ்வொரு நாளும், "அவனைக் கொண்டு வா" என்றுதான் கேட்டார். அன்றைக்கு, "அவன் உன்னட்ட வந்து கனகாலமாம் தாயே. எனக்கு இப்பத்தான் தெரியும். பாத்துக்கொள், அவனுக்கு மீன் இல்லாமச் சோறு இறங்காது" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "தீயில நடுவில நிண்டனான் எல்லோ. ஏன் எண்டு நீங்க ஒருநாளும் கேக்கேல்ல. இறங்கின பதட்டத்தில அவன்ர பேரைச் சொல்ல மறந்திட்டன். பேர் சொல்லாம நேர்த்தி நிறைவேறாதே. அதுதான் நிண்டு சொல்லிப்போட்டு நடந்தனான்."

என்னை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாலாம் நாள் விடியற்காலை கண்ணை மூடினார்.

நின்றபடியால் கால் வெந்ததா, நான் கொண்டுவந்த துடக்கால் வெந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டையும் மாறி மாறி நினைத்துக்கொண்டுதான் இந்த ஒரு வருடமும் போனது. ஆனால் ஒன்று தெரியும். அதை எங்கள் கரைச் சனம் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன். துடக்கு என்று ஒன்று இருந்திருந்தால் அதை வீட்டுக்குள் கொண்டு வந்தவன் நான். அது அவருக்குத் தெரியாது. அவர் சுத்தமான மனதோடுதான் இறங்கினார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை.

நன்றி சொல்ல வேண்டும். அண்ணனைத் தேடிப் போன படகுக்காரர்களுக்கும், அம்மாவின் புண்ணை முகம் சுளிக்காமல் கட்டிவிட்ட தாதிப் பிள்ளைகளுக்கும், மணலில் கதிரையோடு அவரைத் தூக்கிச் சுமந்த அயல்வீட்டுத் தம்பிமாருக்கும், எத்தாளையில் இருந்து ஒவ்வொரு கிழமையும் கீரையும் மரக்கறியும் கொண்டுவந்து தங்கச்சியோடு இருந்துவிட்டுப் போன மாமாவுக்கும் நன்றி. கனமூலை நானா செத்தவீட்டன்று ஒரு மூலையில் நின்று, "ஊர்க்காரி போயிட்டா" என்று மட்டும் சொன்னார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. குழாயடியில் பேசினவர்கள் மீதும் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் அறியாமல் பேசினீர்கள். நான் அறிந்துகொண்டு பேசாமல் இருந்தேன்.

பிள்ளைகளே, இதுவரை உள்ளதை எழுதி முடித்தது நேற்று. வெள்ளிக்கிழமை. வருடம் இன்னும் முடியாததால் நான் கோயிலுக்குள் போகக் கூடாது. பின்னேரப் பூசைக்கு மணி அடித்தபோது, கட்டிலடியில் கிடந்த அம்மாவின் வலது செருப்பை எடுத்துக் கழுவி, கோயில் வாசலுக்குக் கொண்டுபோனேன். சனம் கழற்றிவிட்ட செருப்புகளுக்கு நடுவில், முன்பக்கம் கோயிலைப் பார்த்தபடி, அதை வைத்தேன். நானா வண்டியை நிறுத்துகிற இடத்தில் போய் நின்றுகொண்டேன். பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. அவரவர் தங்கள் தங்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். கடைசியில் அம்மாவின் செருப்பு மட்டும் வாசலில் இருந்தது. அதை எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்பா